அறுபத்து மூன்று சொற்கள்

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மெல்லிய தூறல், காற்று இல்லை. ரயில் நான்கு நிமிடம் தாமதமாக வந்து நின்றது. இவற்றை நான் குறிப்பேட்டில் எழுதி முடிக்கும்வரை அக்கா இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு நடைமேடையில் காத்திருந்தாள்.

"எழுதி வச்சா மழை நின்னுடுமா? வாடி."

பயண வழிகாட்டி நூல்களை வெளியிடும் பதிப்பகம் ஒன்றில் நான் பதினேழு ஆண்டுகளாகச் சரிபார்ப்பாளர். எங்கள் நூல்கள் சட்டைப்பையில் அடங்குபவை. ஒரு நகரத்தில் ஒன்றரை நாள் மட்டுமே தங்கப்போகிறவர் எங்கே உண்பது, எதைக் குடிப்பது, எப்படிப் பொழுது போக்குவது என்பதை ஆறே பதிவுகளில் சொல்லிவிட வேண்டும். ஒரு பதிவுக்கு அறுபது சொற்கள். அறுபத்தொன்றாவது சொல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடையாது. எழுதுகிறவர்கள் எண்ணி எழுதுவதில்லை. எண்ணி வெட்டுவது என் வேலை. அதனால் அலுவலகத்தில் எனக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைப்பதில்லை, அக்காவைத் தவிர.

இந்த நகரத்தின் ஆறு பதிவுகளையும் எழுதியவர் அக்காவின் கணவர். எனக்கு அத்தான், அலுவலகத்துக்கு 'நாக்கு'. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று உண்டு எழுதுகிறவர். அவருடைய ஆறாவது பதிவைப் பற்றி மூன்று வாசகர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். மூன்றிலும் ஒரே செய்தி: புத்தகத்தில் உள்ள விலாசத்தில் உணவுக்கூடம் எதுவும் இல்லை. மூன்றாமவர் கூடுதலாக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்: 'உங்கள் எழுத்தாளர் கனவில் சாப்பிட்டிருக்கலாம்.'

மூன்று கடிதங்கள் சேர்ந்தால் சரிபார்ப்பாளர் நேரில் போக வேண்டும் என்பது விதி. பதிப்பகத்தின் தலைவரை நாங்கள் பெரியவர் என்போம். அவர் கடிதங்களை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். இது இல்லாத கடைன்னா, இருபத்திரெண்டு வருஷமா அவர் எழுதின எல்லாத்தையும் எடுத்துடணும். பேரையும் சேத்து."

"சார், அவர் எங்க அத்தான்."

"தெரியும். அதனாலதான் உங்கள அனுப்பறேன். வேற யாராவது போனா இரக்கப்பட்டுடுவாங்க."

தீர்ப்புப் படிவத்தில் கையெழுத்திட்டுத் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அவரிடம் கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்குப் புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது. உணவுப் பதிவை ஒரே ஆள் சரிபார்க்கக் கூடாது, இரண்டு வாய் வேண்டும் என்பது இன்னொரு விதி. என்னுடன் வர வேண்டிய சக ஊழியர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நானே வருகிறேன் என்று அக்கா கிளம்பினாள். விதிப்புத்தகத்தைப் பார்த்தேன், தடை ஏதும் இல்லை. பெரியவரும் மறுக்கவில்லை. "உங்க அக்கா வாய்தானே? அதுக்கு யாரும் பூட்டுப் போட முடியாது" என்றார்.

அக்காவுக்கு வேறு காரணம் இருந்தது. அதை அவள் ரயிலிலேயே சொல்லிவிட்டாள்.

"மூணு நாளா அந்த மனுஷன் உப்பு கம்மின்னு சொல்லல, கூடன்னும் சொல்லல. வச்சதச் சாப்பிட்டுட்டு எழுந்து போறாரு. கல்யாணம் ஆனதுலேருந்து உப்பப் பத்திப் பேசாத நாள் கிடையாது."

"எதாவது சொன்னாரா?"

"'இருக்கு, போய்ப் பாருங்க'ன்னு ஒரே வார்த்தை. அவர் புக்க எடுத்துக் காட்டினேன். தொடக்கூட இல்ல."

அச்சான தம் எழுத்தை அத்தான் படிப்பதில்லை. ஆறிப்போனதைச் சாப்பிடும் வழக்கம் தமக்கு இல்லை என்பார்.

"இருபத்திரெண்டு வருஷமா எங்கயோ போய்ச் சாப்பிட்டேன், எங்கயோ போய்ச் சாப்பிட்டேன்னு வந்து சொல்றாரு. அந்த எங்கயோ நெஜமாவே இருக்கான்னு நானும் ஒரு தடவ பாத்துடறேன்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் சிரிக்கவில்லை.

மூன்றாவது விதி ஒன்றும் உண்டு. எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி ஒட்டிய உறையில் சரிபார்ப்பாளரிடம் தரப்படும். இடத்தைப் பார்ப்பதற்குமுன் உறையைப் பிரிக்கக் கூடாது. வாசகர் கையில் இருப்பது அச்சுப் புத்தகம் மட்டுமே, ஆகவே நாமும் அதை மட்டுமே நம்பிப் போக வேண்டும். இடத்தைப் பார்த்தபின், கையெழுத்திடுவதற்குமுன், கட்டாயம் பிரித்தாக வேண்டும். இந்த விதியை எழுதியவள் நான். உறை என் பையின் அடியில் இருந்தது.

கடிதம் வந்தது ஒரு பதிவைப் பற்றித்தான் என்றாலும், வந்த இடத்தில் ஆறையும் பார்த்துவிட வேண்டும். முதல் பதிவு ரொட்டிக்கூடம். நிலையத்திலிருந்து ஒன்பது நிமிட நடை என்று போட்டிருந்தது. எட்டே முக்கால் நிமிடம் ஆயிற்று. ஏழு மணிக்குப் பின்பக்கச் சன்னல் திறந்தது. சுமார் முப்பது பேர் குடைக்கடியில் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் தட்டு வெளியே வந்ததும் ஒருவரும் முண்டவில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் காரணம் உடனே புரியவில்லை.

அத்தானின் பதிவில் ஒரு வரி: 'வாங்கியவுடன் கடிக்க வேண்டாம், காதருகே பிடிக்கவும்.' அந்தப் பதிவு ஐம்பத்தெட்டு சொற்களில் முடிந்திருந்ததால் அந்த வரி தப்பியிருந்தது.

அக்கா ரொட்டியைக் காதருகே பிடித்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது.

"ஏய், பேசுதுடி!"

நானும் பிடித்தேன். சூட்டில் விரிந்த மேலோடு குளிர்காற்று பட்டுச் சுருங்கி, ஆயிரம் நுண்ணிய விரிசல்களாகப் படபடத்துக்கொண்டிருந்தது. சருகின்மேல் மழை விழுவதுபோல ஓர் ஒலி. முப்பது பேரும் ஆளுக்கொரு ரொட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, தூறலில், வாய்மூடி நின்றார்கள். ஒலி அடங்கியபின்தான் ஒருவர் பின் ஒருவராகப் பிய்த்துத் தின்னத் தொடங்கினார்கள். எவ்வளவு நேரம் அது ஒலித்தது என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதவில்லை. கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தேன். பதினேழு ஆண்டுகளில் அது முதல் முறை. சோர்வு என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது, குன்றடியில் ஒரு சதுக்கம். பாறையிலிருந்து வரும் ஊற்றுநீர் மூன்று குழாய்களில் விழுகிறது. ஒன்றில் இரும்பின் சுவை. இன்னொன்றில் சர்க்கரை போடாத இனிப்பு. மூன்றாவதில் நீர் தானாகவே நுரைத்துக் குமிழ்விட்டது. அக்கா ஒரு மடக்குக் குடித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"கடவுளே! சோடாவக் கொண்டுபோய் பூமிக்குள்ள வச்சது யாரு?"

"குழாய் மூணு. புத்தகத்துலயும் மூணு. சரி."

"மண்ணுக்குள்ளேருந்து சோடா வருது, இவ குழாய எண்ணறா! உன்னக் கொண்டுபோய் சொர்க்கத்துல விட்டாலும் வாசப்படி எத்தனன்னுதான் பாப்ப."

பதினொன்று ஐம்பதுக்கு ஆறாவது பதிவின் தெருவுக்கு வந்து சேர்ந்தோம். ஆற்றை ஒட்டிய சந்து, எண் பதினேழு, பச்சைக் கதவு. வேளை, பதினொன்றரை முதல் ஒன்று வரை. எல்லாம் பொருந்தின. கதவு மூடியிருந்தது. மேலே பெயர்ப்பலகை ஒன்று: சலவைக்கூடம். உணவு என்ற சொல்லோ, உணவின் மணமோ எங்கும் இல்லை. சோப்பு வாசனை மட்டும் வந்தது. சன்னல்கள் உள்பக்கம் வெள்ளையடித்தவைபோல மங்கிக் கிடந்தன.

பக்கத்தில் ஒரு சிறிய கடை. மாற்றுச் சாவி செய்கிறவர் ஒருவர் அரத்தைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க சாப்பாடு கிடைக்கும்னு சொன்னாங்களே?" என்று கேட்டேன்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "சாப்பாடா? இங்க அழுக்குத்துணிதாங்க கிடைக்கும்."

"முன்னாடி எதாவது இருந்துதா?"

"எனக்குத் தெரிஞ்சு இங்க தொவைக்கறதுதான். நீங்க கடைத்தெரு பக்கம் போங்க, நல்ல நல்ல எடமெல்லாம் இருக்கு" என்றவர், அவசரமாகக் கடையின் பலகையை இழுத்துச் சாத்தினார்.

இருபது நிமிடம் எதிர்ச்சுவரோரம் நின்றோம். யாரும் உள்ளே போகவில்லை. யாரும் வெளியே வரவில்லை. வேளை தொடங்கியபோதே போகிறவர்கள் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. படிவத்தை எடுத்தேன். 'இடம் உள்ளதா?' என்ற கேள்விக்கு நேரே இரண்டு கட்டங்கள்.

"இப்பவே போடணுமா?" என்றாள் அக்கா.

"இப்ப இல்ல. உறையப் பிரிச்சதுக்கு அப்புறம்தான்."

"சரி." சிறிது தூரம் நடந்தபின் கேட்டாள்: "அப்ப ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்த ஊருக்குப் போறேன்னு கெளம்பின அந்த ரெண்டு நாள், அவர் எங்கடி இருந்தாரு?"

அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

பிற்பகலில் மீதி மூன்றையும் பார்த்து முடித்தோம். மூன்றும் சரியாக இருந்தன. அக்கா எதற்கும் வியக்கவில்லை. நான் கேட்டதற்கு மட்டும் தலையசைத்தாள். மாலை ஆறு மணிக்கு விடுதி அறையில் உறையைப் பிரித்தேன்.

பிரதியில் அத்தானின் சாய்ந்த கையெழுத்து. அதன்மேல் என் நீலப் பென்சில். சொற்களை எண்ணி ஓரத்தில் நான் எழுதியிருந்த எண்: 63. கடைசி மூன்று சொற்களின் மேல், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல, ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கடியில் சொற்கள் தெளிவாகத் தெரிந்தன. என் கோடுகள் எப்போதும் மெல்லியவை.

'மூடியிருந்தாலும் கதவைத் தட்டவும்.'

அந்தக் கோட்டைப் போட்ட மாலை எனக்கு நினைவிருக்கிறது. மூன்று சொற்கள் மிகை. மூன்று சொற்களை ஒரே வாக்கியமாக எடுக்க முடிந்தது. மூடிய கதவைத் தட்ட வேண்டும் என்று யாருக்காவது சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது மனம் நிறைவாக இருந்தது.

மூன்று வாசகர்கள் தட்டவில்லை. இன்று நானும் தட்டவில்லை.

காகிதத்தை அக்காவிடம் நீட்டினேன். அவள் கட்டிலில் அமர்ந்து இரண்டு முறை படித்தாள்.

"அவர் எழுதியிருக்காரு."

"ஆமா."

"கோடு போட்டது?"

"நான்."

அவள் காகிதத்தை மடியில் வைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. பிறகு திட்டினாள்.

"சின்ன வயசுலயே அம்மா சொல்லுவா. இவள அரிசில கல்லு பொறுக்கச் சொன்னா, அரிசிய எறிஞ்சிட்டுக் கல்ல பத்திரமா எடுத்து வப்பான்னு. மூணு நாளா அந்த மனுஷன் தன்னோட நாக்கையே சந்தேகப்பட்டுட்டு உக்காந்திருக்காருடி. மூணு வார்த்தைக்காக!"

"அக்கா, எழுதியிருக்கறதால மட்டும் இடம் இருக்குன்னு ஆகாது. நாளைக்குத் தட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"தட்டறேன். ஒடைக்கச் சொன்னாலும் ஒடைக்கறேன்."

மறுநாள் சனிக்கிழமை; வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. திரும்பும் ரயில் பிற்பகல் இரண்டு இருபதுக்கு. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அந்தப் பச்சைக் கதவின்முன் நின்றோம். சாவிக்கடையின் பலகை சாத்தியிருந்தது. கையை உயர்த்தினேன், என்னை விலக்கிவிட்டு அக்காவே தட்டினாள். மூன்று தட்டு.

உள்ளே செருப்புச் சத்தம். கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தது. வெண்ணிறமான சூடு ஒன்று முகத்தில் மோதியது. அதற்குள்ளிருந்து ஒரு குரல்: "சட்டுனு உள்ள வாங்க, சட்டுனு! ஆவி போகுது!"

கதவு எங்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெண்மை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து பொருள்களாயிற்று. உயர்ந்த கூரை, அதிலிருந்து தரைவரை தொங்கும் நூற்றுக்கணக்கான வெள்ளை விரிப்புகள், மேற்சன்னல்களின் வெயில் அவற்றின் வழியே பால்போல் இறங்கிக்கொண்டிருந்தது. விரிப்புகளுக்கு நடுவே, துணி மடிக்கும் நீண்ட மேசைகளில், இருபத்து நான்கு பேர் அமரும் இருக்கைகள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஆட்கள். சுவரோரம் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு கொதிகலன். அதன் பக்கக்குழாயோடு பொருத்திய, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய, அகன்ற உலோகத் தட்டுகள்.

அவற்றின் அருகே கையில் துணியோடு நின்றவள் ஐம்பது வயதுக்காரி. கூடத்தில் எல்லோரும் அவளை ஆவியம்மா என்றார்கள்.

"பேரக் கேட்டாலே பயமா இருக்கே" என்று அக்கா என் காதில் சொன்னாள்.

"சாப்பிட்டா பயம் போயிடும்" என்றாள் ஆவியம்மா. ஆவிக்கு நடுவிலும் அவளுக்குக் காது கூர்மை. "பகல்ல ஒன்றரை மணி நேரம் தொவைக்கற மிஷின நிறுத்துவோம். கொதிகலன்ல இருக்கற ஆவி அப்ப சும்மாதான போகும்? அதுல சமைக்கறேன். கதவத் திறந்து வச்சா ஆவியும் போயிடும், சமையலும் போயிடும். அதான் எப்பவும் மூடியே இருக்கும்."

மேல்தட்டில் வெங்காயமும் கீரையும். அடுத்ததில் கிழங்குகளும் முட்டைகளும். அதற்கடுத்ததில் மீன். ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஊசித்துளைகள். மேலே வெந்ததன் சாறு கீழே இருப்பதன்மேல் சொட்டி, அதையும் கூட்டிக்கொண்டு அடுத்ததற்கு இறங்கி, கடைசியில் அடிப்பாத்திரத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாத்திரத்தில் அவள் எதையும் போடவில்லை, அதைக் கிளறவுமில்லை.

"குடிங்க" என்று இரண்டு கிண்ணங்களில் அதை ஊற்றினாள். "இத நான் செய்யல. தானா வருது."

கிண்ணத்தின் அடியில் வரைந்திருந்த நீலக்கோடு சாற்றின் வழியே தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவு தெளிவு. வெறும் வெந்நீர் என்றே நினைத்தேன். ஒரு வாய் குடித்தேன். முதலில் மீன், அதற்குப் பின்னால் கிழங்கின் மண், அதற்கும் பின்னால், வெகு தொலைவிலிருந்து வருவதுபோல, வெங்காயத்தின் இனிமை. ஒன்றன்பின் ஒன்றாக, தட்டுகளின் வரிசையிலேயே, கீழிருந்து மேலாக அவை வந்தன. சுவைக்கு வரிசை இருக்க முடியும் என்பதை நான் அதுவரை அறியவில்லை. இன்னொரு வாய் குடித்தேன், அதே வரிசை.

'அருமை', 'அற்புதம்', 'வார்த்தைகள் இல்லை' முதலியவற்றை நான் எல்லோருடைய பிரதிகளிலிருந்தும் நீக்கிவந்திருக்கிறேன். அவற்றால் வாசகருக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்பது என் கருத்து. கருத்து இப்போதும் அதுதான். ஆனால் அந்தக் கிண்ணத்தை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தேன் என்பதும் குறிப்பேட்டில் இல்லை.

அக்கா பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்டியை நிறுத்தினாள்.

"அங்க பாரு."

எதிர்மேசையில், வாய் நிறைய மீனுடன், நேற்றைய சாவிக்காரர்.

"அழுக்குத்துணி நல்லா இருக்குங்களா?" என்றாள் அக்கா.

அவர் அவசரமாக விழுங்கினார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "நான் பொய் ஒண்ணும் சொல்லலம்மா. தொவைக்கற எடம்தான இது? இருக்கறது இருபத்திநாலு சீட்டு. வர்றவங்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கிட்டிருந்தா நான் எங்க உக்கார்றது?"

ஆவியம்மா அவர் தலையில் துணியால் ஒரு தட்டுத் தட்டினாள். "இவர் ஒருத்தர் போதும், என் கடைக்குப் பூட்டுப் போட."

"சாவியும் நான்தான வச்சிருக்கேன்" என்றார் அவர். மேசை முழுவதும் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, புத்தகத்துக்கு எழுதறதுக்காக ஒருத்தர் வந்தாரா?"

"வர்றவங்க எத்தனையோ பேர். எப்படி இருப்பாரு?"

நான் அத்தானின் உயரத்தையும் மீசையையும் சொன்னேன். அவள் யோசித்தாள். அக்காவின் கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"ஆங்... ரெண்டு நாளும் வந்தாரே, அவரா? ரெண்டாம் நாள் கிண்ணத்தக் கீழ வச்சிட்டு, 'எல்லாம் சரி, மீனுக்கு உப்பு ஒரு சிட்டிகை கூட'ன்னாரு. எனக்கு வந்துது பாருங்க கோவம்! அவர் போனப்புறம் கொறச்சுப் பாத்தேன். மனுஷன் சொன்னது சரி. அன்னைலேருந்து கொறச்சுதான் போடறேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆவி என்றாள்.

"உப்பா சொன்னாரு?" என்று மறுபடி கேட்டாள்.

"உப்புதான்."

"அப்ப அவரேதான்" என்றாள் அக்கா.

புத்தகத்தில் இந்த இடம் தொடர்ந்து இருப்பதில் சம்மதமா என்று ஆவியம்மாவிடம் கேட்டேன். "வரட்டும். தட்டினாத் திறப்போம். அதுல என்ன?" என்றாள். பிறகு ஒரு கூடையை அக்காவின் கையில் வைத்தாள். சாப்பிட்டவர்கள் ஆளுக்கு ஒரு விரிப்பை மாடியில் காயப்போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது அந்தக் கூடத்தின் வழக்கம். அத்தானின் பதிவில் பொழுதுபோக்கு என்ற தலைப்பின்கீழ் 'மாடியில் துணி உலர்த்துதல்' என்று இருந்தது. மூன்றாவது கடிதக்காரரின் கேலிக்கு அதுவே காரணம். எனக்கும் அது நகைச்சுவை என்றே பட்டிருந்தது.

மாடியில் முப்பது வரிசைக் கயிறுகள். கீழே ஆறு, அதன்மேல் தூக்குப்பாலம். நானும் அக்காவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பை உதறிக் கயிற்றில் போட்டோம். சின்ன வயதில் வீட்டில் செய்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக இருவரும் ஒரே துணியைப் பிடித்ததில்லை. அவள் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், புரியவில்லை.

பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு மணி ஒலித்தது. பாலம் நடுவில் பிளந்து, இரண்டு பாதிகளும் வானத்தை நோக்கி எழுந்தன. அதுவரை பாலத்தின் பின்னால் காத்திருந்த பெரிய கப்பல் ஒன்று ஓசையில்லாமல் உள்ளே வந்தது. திறந்த வழியாக ஆற்றுக்காற்றும் வந்தது. ஒரே நொடியில் எங்கள் மாடியின் முப்பது வரிசைகளும் கப்பல்பாய்களாகப் புடைத்தன. பக்கத்து மாடியில், அதற்கடுத்த மாடியில், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மாடிகள்தோறும் உலர்ந்துகொண்டிருந்த துணிகள் எல்லாம் ஒன்றாக எழுந்து ஒரே திசையில் நின்றன. நின்றிருந்த கட்டடங்கள் பயணம் புறப்பட்டன. வந்த கப்பல்தான் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது.

"கத்தரி," என்றாள் அக்கா. கிளிப் அவள் வாயிலிருந்து விழுந்திருந்தது. "இத அந்த மனுஷன் பாத்திருக்காரு. வீட்டுக்கு வந்து, 'மாடில துணி காயப்போட்டேன்'னு சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இங்க வீட்டுல காயப்போட ஆளில்ல, அங்க போய்க் காயப்போட்டீங்களா'ன்னேன்."

பாலம் மூடும்வரை நாங்கள் இறங்கவில்லை. எங்களுக்கு முன் சாப்பிட்டவர்களும் இறங்கவில்லை.

ரயிலில் படிவத்தை மடியில் வைத்து நிரப்பினேன். இடம் உள்ளது. உணவு, பானம், பொழுதுபோக்கு மூன்றும் உள்ளபடியே. எழுத்தாளரிடம் பிழை இல்லை. முதல் வாய், இரண்டாம் வாய் என்ற இடங்களில் நானும் அக்காவும் கையெழுத்திட்டோம். கடைசியில் ஒரு கட்டம்: 'பிழைக்குப் பொறுப்பானவர்.'

வாசகர் தேடிச் சென்று காணாமல் திரும்பும் பிழைக்குத் தண்டனை உண்டு. பொறுப்பானவர் ஒரு பதிப்புக் காலம், அதாவது இரண்டு ஆண்டு, எந்தப் பதிவையும் தொடக் கூடாது. கிடங்கில் பழைய பிரதிகளை அடுக்கலாம்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அச்சகம்னு போட்டுடேன். மூணு வார்த்த விட்டுப்போச்சுன்னு. யாருக்குத் தெரியப்போகுது?"

"பிரதில என் கோடு இருக்கு."

"அழிச்சுடு. பென்சில்தானே?"

சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மனமறிந்து தீமை சொல்கிறவள் அல்ல. கணவன் தப்பித்தபின் தங்கையையும் காப்பாற்றப் பார்க்கிறாள்.

"இந்தக் கட்டத்துல இதுவரைக்கும் பதினொரு பேர் பேர எழுதியிருக்கேன். அதுல ரெண்டு பேர் அழுதாங்க. பன்னெண்டாவது பேருக்கு மட்டும் ரப்பர் எடுத்தா, அந்தப் பதினொண்ணும் என்ன ஆகும்?"

அக்கா காகிதத்தில் சுற்றிவைத்திருந்த நேற்றைய ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள். பழகிவிட்டது, காதருகே கொண்டுபோனேன். இப்போது அது பேசவில்லை. தின்றேன்.

மார்ச் பதினேழு, திங்கள்கிழமை, காலை ஒன்பது ஐம்பத்தெட்டு. தெளிந்த வானம். பெரியவரின் அறைக்கு வெளியே விசிப்பலகையில் அத்தான் அமர்ந்திருந்தார், பக்கத்தில் அக்கா. அவள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்பது அவர் எழுந்து நின்ற விதத்தில் தெரிந்தது. ஆனாலும் அவர் கேட்டது வேறு.

"மீன்ல உப்பு?"

"ஒரு சிட்டிகை கொறச்சுட்டாங்களாம், அத்தான்."

அவர் தலையசைத்தார். "காலைல உங்க அக்கா போட்ட முட்டைலதான் கூட" என்றார்.

"பாத்தியாடி? ஆரம்பிச்சுட்டாரு!" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அந்த மாடியில் மட்டுமே பார்த்திருந்தேன்.

"அத்தான், அந்த மூணு வார்த்த..."

"விடு. நானே வாசிச்சுப் பாத்திருக்கணும். ஆறினாலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்திருக்கணும்."

உள்ளே போனேன். புதிய பதிப்பின் பக்கங்கள் பெரியவரின் மேசைமேல் இருந்தன. ஆறாவது பதிவைத் திருத்தி முதலில் நீட்டினேன். அவர் விரல்விட்டு எண்ணினார், அவரும் எண்ணுகிறவர்தான்.

"அறுபத்து மூணு வருதே? நாயன்மார் கணக்கா இருக்கு. பக்கத்துல எடம் எங்க இருக்கு?"

"பக்க எண்ணக் கொஞ்சம் கீழ இறக்கினா ஒரு வரி கிடைக்கும் சார். அளந்து பாத்துட்டேன்."

"நீங்களா சொல்றீங்க? அறுபதுக்கு மேல ஒண்ணுகூடக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே?"

"ஆமா சார்."

"இதுல எத எடுத்தாலும் கெட்டுடுமா?"

"எந்த மூணையும் எடுக்க முடியல. ராத்திரி முயற்சி பண்ணிப் பாத்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படி என்னதான் இருக்கு அங்க?"

ரொட்டியைச் சொல்லலாம்; கிண்ணத்தின் நீலக்கோட்டைச் சொல்லலாம்; கட்டடங்கள் புறப்பட்டதைச் சொல்லலாம். எதைத் தொடங்கினாலும் அறுபதில் நிற்காது.

"தட்டிப் பாருங்க சார்" என்றேன்.

சுவர்க்கடிகாரம் பத்து அடித்தது. அவர் கையை நீட்டினார். கடைசிக் கட்டத்தில் என் பெயரும் அடியில் என் கையெழுத்தும் இருக்கும் தீர்ப்பை, மடிக்காமல், அந்தக் கையில் கொடுத்தேன்.